நீலக் கொடி

2012 மார்ச் 25, ஞாயிற்றுக்கிழமை. ஒர்க்‌ஷாப்புக்கு லீவு. ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு நானும் என்னிடம் வேலை பார்த்த பையனும் உள்ளே உட்கார்ந்து ஃபார்முலா ஒன் பார்த்துக்கொண்டிருந்தோம். கோவையில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. டிவியில், மலேசியாவின் செபாங் டிராக்கில் மழை கொட்டித் தீர்க்கிறது. சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்திவிட்டார்கள். திரையின் ஓரத்தில் பெயர்ப் பட்டியல். பத்தாவது இடத்தில் எங்கள் கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன்.

பையனுக்கு நம்பிக்கை வரவில்லை. "ஏனுங்ணா, லிஸ்ட்டத் தலகீழாப் போட்டுட்டானுங்களா?" என்று கேட்டான்.

அவன் கேட்டதில் தப்பில்லை. நரேன் ஓட்டியது எச்ஆர்டி என்கிற அணியின் கார், அந்த வருஷக் கார்களிலேயே மெதுவானது. முந்தின வாரம் மெல்போர்னில் தகுதிச் சுற்றைத் தாண்ட முடியாமல் பந்தயத்துக்கே போகவில்லை. செபாங்கில் என்ன நடந்தது என்றால், ஈரத்துக்கு இரண்டு வகை டயர் உண்டு. லேசான ஈரத்துக்கு ஒன்று, தண்ணீர் தேங்கி நிற்கும்போது போடுவதற்கு ஒன்று. பெரும்பாலானவர்கள் முதல் வகையில் கிளம்பினார்கள். நரேன் இரண்டாவது வகையில் கிளம்பினார். மழை வலுத்தது. மற்றவர்கள் டயர் மாற்ற பிட்டுக்குள், அதாவது டிராக்கை ஒட்டி அணிகள் காரைக் கவனிக்கும் இடத்துக்குள், ஓடினார்கள், இவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டே இருந்தார். நிறுத்தும்போது பத்தாவது.

மறுபடி தொடங்கியதும் கதை மாறியது. ஜென்சன் பட்டன் இவர் கார் மேல் மோதித் தன் முன் இறக்கையை உடைத்துக்கொண்டார். தப்பு தன் மேல்தான் என்று அவரே ஒத்துக்கொண்டார். கடைசிக் கட்டத்தில் செபாஸ்டியன் வெட்டல் நரேனை ஒரு சுற்று முந்திப் போகும்போது, வெட்டலின் பின் டயர் நரேனின் முன் இறக்கையில் பட்டுக் கிழிந்தது. நான்காவதாக வந்துகொண்டிருந்த உலக சாம்பியனுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. பந்தயம் முடிந்ததும், ரோட்டில் இருப்பது மாதிரி இங்கேயும் சில வெள்ளரிக்காய்கள் உண்டு என்கிற அர்த்தத்தில் ஜெர்மன் டிவியில் பேசினார் வெட்டல். ஓட்டத் தெரியாதவனை அந்த ஊரில் அப்படித் திட்டுவார்களாம். நரேனுக்கு 20 விநாடி தண்டனை.

அந்த வாரம் முழுக்க ஒர்க்‌ஷாப்பில் இதே பேச்சு. க்ளட்ச் பிளேட் மாற்ற வந்த ஒரு வாடிக்கையாளர், "உங்காளை வெள்ளரிக்கான்னு சொல்லிப்போட்டானாமா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அவர் காசு கொடுக்கிறவர். ஆனால் அன்றைக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் மூன்று சீசன் ஃபார்முலா மாருதி ஓட்டியவன். மாருதி 800 இன்ஜினை டிரைவரின் முதுகுக்குப் பின்னால் வைத்துக் கட்டிய ஒற்றை சீட் கார். கோவையில் மில் குடும்பத்தில் பிறந்த கரிவரதன் உருவாக்கியது. ரேஸ் என்றாலே பெரிய பணக்காரர்களின் இறக்குமதிக் கார்கள்தான் என்று இருந்த காலத்தில், ஓரளவு வசதி இருந்தாலே போதும், ஓட்டலாம் என்று ஆக்கிக் காட்டியது அந்த மனுஷன்தான். 1995-ல் சிறு விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்தில் இருக்கும் டிராக்குக்கு அவர் பெயர்தான். ஆனால் அது வந்தது 2003-ல். எங்கள் காலத்தில் காரை டெம்போவில் ஏற்றிக் கட்டி, ராத்திரி முழுக்கப் பயணம் செய்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைக்குப் போவோம். அதற்கு முந்தைய தலைமுறை சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில் ஓட்டியது.

என் சாதனை: ஒரே ஒரு தடவை நாலாவதாக வந்தேன். எட்டு கார் கிளம்பியது, மூன்று பாதியில் நின்றுவிட்டது. மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கடைசி வரிசையைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

முன்னால் ஓடுகிறவனின் வேலை எல்லோருக்கும் தெரியும். பின்னால் ஓடுகிறவனின் வேலையில் பாதி, கண்ணாடியில்தான் நடக்கிறது. உள்ளங்கை அளவுக் கண்ணாடி. இன்ஜின் அதிர்வில் அது சும்மா நிற்காது. பின்னால் வருவது கார் என்றுகூடத் தெரியாது, ஒரு நிறம் கலங்கித் தெரியும். சிவப்புக் கலங்கல், நீலக் கலங்கல். இருங்காட்டுக்கோட்டையில் நான் முதல் தடவை ஒரு சுற்று பின்தங்கியபோது, மார்ஷல் நீலக் கொடியை ஆட்டுவதைப் பார்த்தேன். பின்னால் வருகிறவர் உன்னைவிட ஒரு சுற்று முன்னால் இருக்கிறார், வழியை விடு என்று அர்த்தம். பதறிப்போய், விடக்கூடாத இடத்தில், ஒரு வளைவின் நட்டநடுவில் விலகினேன். டயர் வழுக்கி, கார் ஒரு முழு வட்டம் சுற்றி, புல்லில் போய் நின்றது. பின்னால் வந்தவர் பிரேக் அடித்து, வேகம் போய், இரண்டாவது இடத்துக்கு இறங்கினார். பந்தயம் முடிந்ததும் எங்கள் பிட்டுக்கு வந்தார். திட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

வழிவிடுவது ஒரு வித்தை. ரேஸ் டிராக்கில் எல்லாரும் போகிற ஒரே தடம் உண்டு. நாங்கள் 'லைன்' என்போம். டயரின் ரப்பர் அங்கே தேய்ந்து படிந்து நல்ல பிடிமானம் இருக்கும். லைனுக்கு வெளியே, டயரிலிருந்து உதிர்ந்த ரப்பர் துணுக்குகள் கிடக்கும். அதற்குப் பெயர் 'மார்பிள்ஸ்', அதாவது கோலிக்குண்டு. வழிவிட நீங்கள் லைனை விட்டு இறங்க வேண்டும். இறங்கினால் அந்தத் துணுக்கெல்லாம் சூடான டயரில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த இரண்டு வளைவுக்கு கார் சோப்பு மேல் போகிற மாதிரி போகும். டயர் சுத்தமாகி, மறுபடி சூடேறி, பிடி கிடைக்கும் நேரத்தில் அடுத்த நீலக் கொடி. ஃபார்முலா ஒன்னில் இரண்டு மூன்று சுற்று பின்தங்குகிற டிரைவருக்கு ஒரே பந்தயத்தில் முப்பது நாற்பது தடவை இது நடக்கும். ஏற்கெனவே மெதுவான கார், வழிவிட்டு வழிவிட்டு இன்னும் மெதுவாகும். அதனால் இன்னும் நிறைய பேர் வந்து முந்துவார்கள். கொடியைப் பார்த்தும் விடாமல் ஓட்டினால் தண்டனை. அவசரப்பட்டு விட்டால், நான் செய்த மாதிரி ஆகும். வெட்டல் மாதிரி ஒருவர் பின்னால் வரும்போது எந்த இடத்தில், எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தைக் குறைத்து விடுவது என்பதை மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் முடிவு செய்ய வேண்டும். அதை முப்பத்தொன்பது தடவை சரியாகச் செய்தால் யாரும் பார்ப்பதில்லை. நாற்பதாவது தடவை தவறினால் வெள்ளரிக்காய்.

சரி, 'மெதுவான கார்' என்றால் எவ்வளவு மெதுவு? விதி ஒன்று இருக்கிறது. 2011-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். தகுதிச் சுற்றின் முதல் பகுதியில் மிக வேகமானவர் எடுத்த நேரத்தில் 107 சதவீதத்துக்குள் நீங்கள் வர வேண்டும். அவர் 100 விநாடி எடுத்தால் நீங்கள் 107-க்குள். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பந்தயம் கிடையாது. எச்ஆர்டியின் இரண்டு கார்களும் 2011, 2012 இரண்டு வருஷமும் மெல்போர்னில் இந்தக் கோட்டைத் தாண்டவில்லை. மற்ற இடங்களில் பெரும்பாலும் தாண்டினார்கள்.

என் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். சென்னையிலிருந்து கோவை சுமார் 500 கிலோமீட்டர். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கிளம்புகிறார்கள். முதல் ஆள் கோவைக்குள் நுழையும்போது, 107 சதவீதக் கோட்டில் வருகிறவர் இன்னும் முப்பது கிலோமீட்டர் சொச்சம் பாக்கி வைத்து, தெக்கலூர் பக்கம் இருப்பார். அந்தக் கடைசி வரிசைக் காருக்கு ஒரு நல்ல நாளாக இருந்தால், இன்னும் கொஞ்சம் கிட்டே, கருமத்தம்பட்டி. அவ்வளவுதான் வித்தியாசம். கருமத்தம்பட்டியில் இருக்கிறவனை யாராவது ஓட்டத் தெரியாதவன் என்பார்களா? டிவியில் மட்டும் அப்படித் தெரிகிறது.

அந்த வித்தியாசத்திலும் டிரைவரின் பங்கு கொஞ்சம்தான். 2011 அக்டோபர் 30, கிரேட்டர் நொய்டாவின் புத்தா டிராக்கில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம். (வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் நாய் ஒன்று டிராக்குக்குள் ஓடிவந்தது. நம் ஊர் என்பதற்கு வேறு முத்திரை தேவைப்படவில்லை.) நரேன் 17-ஆவது. அவருக்கு அடுத்து 18-ஆவதாக வந்தவர், அதே எச்ஆர்டியின் இன்னொரு காரில், டேனியல் ரிக்கார்டோ. அந்த ரிக்கார்டோ பின்னாளில் எட்டு ஃபார்முலா ஒன் பந்தயங்களை ஜெயித்தார். இதை வைத்து நரேன் அவரைவிடப் பெரியவர் என்று சொல்ல வரவில்லை. எட்டு பந்தயம் ஜெயிக்கக்கூடிய ஒருவரை அந்தக் காரில் உட்கார வைத்தாலும் அது 18-ஆவதாகத்தான் வரும் என்று சொல்கிறேன்.

அதே அணியின் முதல் பந்தயம் இன்னும் கொடுமை. 2010 மார்ச், பஹ்ரைன். டிரைவர்களில் ஒருவர் சென்னைக்காரர் கருண் சந்தோக். அவருடைய தாத்தா இந்து சந்தோக், சோழவரம் காலத்திலிருந்து மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பைக் கட்டி வளர்த்தவர்களில் ஒருவர். மற்ற அணிகள் பிப்ரவரி முழுக்க ஸ்பெயினில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தன. கருணின் காரை பஹ்ரைன் பிட்டில் வைத்துத்தான் பாகம் பாகமாகப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைப் பயிற்சி போனது. சனிக்கிழமை காலைப் பயிற்சியும் போனது. அவர் அந்தக் காரை வாழ்க்கையில் முதல் தடவை ஓட்டியது தகுதிச் சுற்றில். ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளமான டிராக், புதுக் கார், புது அணி, உலகமே பார்க்கிறது. மறுநாள் இரண்டாவது சுற்றிலேயே தடுப்பில் மோதி முடிந்தது.

செகண்ட் ஹேண்ட் பைக் ஒன்றை வாங்கினால்கூட அதன் பிரேக் எங்கே பிடிக்கும் என்று கால் பழக ஒரு வாரம் ஆகும். எனக்கு டிவி முன்னால் வயிற்றைப் பிசைந்தது. என்னவோ நானே மோதிவிட்ட மாதிரி, அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உட்காரும் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியே இருப்பவர்கள் யாரும் கேட்பதே இல்லை, ஆனால் ரேஸ் ஓட்டியவன் முதலில் பேசுவது அதைத்தான். ஃபார்முலா ஒன்னில் சீட்டை டிரைவரின் உடம்பை வைத்தே வார்ப்பார்கள். கார் கூட்டுக்குள் பெரிய பிளாஸ்டிக் பையைப் போட்டு, டிரைவரை அதன் மேல் உட்கார வைத்து, பைக்குள் ஃபோம் கலவையை ஊற்றுவார்கள். அது உப்பி, முதுகையும் இடுப்பையும் கவ்விப் பிடித்து இறுகும். அசையாமல் கிடக்க வேண்டும். ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டால், அந்தச் சாய்வு அப்படியே சீட்டாகி வருஷம் முழுக்க இடுப்பை அறுக்கும். என் ஃபார்முலா மாருதி சீட்டை நாங்கள் பழைய மெத்தை ஃபோமும் டேப்பும் வைத்துச் செய்தோம். அந்தக் காரை ஓட்டிய மூன்றாவது ஆள் நான், எனக்கு முன் ஓட்டியவர் என்னைவிடக் குண்டு. ஒவ்வொரு இடது வளைவிலும் என் வலது விலா எலும்பு சேஸிஸ் குழாயில் இடிக்கும். ஞாயிறு சாயங்காலம் சட்டையைக் கழற்றினால் நீலம் பாரித்திருக்கும். அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று ஒரு வாரம் பனியனோடு குளித்தேன்.

உடம்புக் கஷ்டத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறேழு கிலோ, அது வளைவிலும் பிரேக்கிலும் ஐந்து மடங்காகும். அதைக் கழுத்து தாங்க வேண்டும். பிரேக் மிதியை நூறு கிலோவுக்கும் மேலான விசையில் மிதிக்க வேண்டும், சுற்றுக்கு ஏழெட்டுத் தடவை. சிங்கப்பூர் மாதிரி இடத்தில் இரண்டு மணி நேரத்தில் இரண்டு மூன்று கிலோ வியர்வையாகப் போகும். குடிக்க வைத்திருக்கும் தண்ணீர் இன்ஜின் சூட்டில் டீ மாதிரி ஆகிவிடும். இதில் ஒரு அநியாயம் உண்டு. 2018 வரை காரின் எடையையும் டிரைவரின் எடையையும் சேர்த்தே கணக்குப் பார்த்தார்கள். உயரமாகப் பிறந்தவன் பட்டினி கிடக்க வேண்டும். எடை குறைக்க வேண்டும் என்று தண்ணீர் பாட்டிலே இல்லாமல் ஓட்டியவர்கள் உண்டு. 2019-ல்தான் டிரைவருக்கும் சீட்டுக்குமாக 80 கிலோ என்று தனியாக ஒதுக்கினார்கள்.

நரேனைப் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது ஒருத்தர் இண்டியானாபோலிஸை இழுப்பார். 2005 ஜூன் 19. அந்த வருஷ விதிப்படி பந்தயத்தில் டயர் மாற்றக் கூடாது, ஒரே செட் கடைசிவரை தாங்க வேண்டும். மிஷெலின் டயர்கள் அந்த டிராக்கின் சாய்வான கடைசி வளைவைத் தாங்காது என்று தெரிந்துபோனது. எல்லா 20 கார்களும் முன்னோட்டச் சுற்றுக்குப் போயின. சுற்றின் முடிவில் மிஷெலின் போட்ட 14 கார்களும் வரிசையாக பிட்டுக்குள் திரும்பிவிட்டன. கிரிட்டில், அதாவது கிளம்பும் வரிசையில், நின்றது ஆறே கார். இரண்டு ஃபெராரி, இரண்டு ஜோர்டான், இரண்டு மினார்டி. கூட்டம் கூச்சல் போட்டது, பாட்டில் எறிந்தது. நரேன் ஜோர்டானில் நாலாவது. ஐந்து புள்ளி. இந்தியர் ஒருவர் வாங்கிய முதல் ஃபார்முலா ஒன் புள்ளிகள்.

"ஆறு கார்ல நாலாவது, இதென்ன பெருமை?" என்பார்கள். நான் அந்தப் பந்தயத்தை வேறு மாதிரி பார்க்கிறேன். ஃபெராரிகளை ஜோர்டான் பிடிக்கப்போவதில்லை. மினார்டி ஜோர்டானைப் பிடிக்கப்போவதில்லை. ஆக அந்த டிராக்கில் உண்மையாக நடந்த ஒரே போட்டி இரண்டு ஜோர்டான்களுக்கு நடுவே. ஜெயிப்பவருக்கு மூன்றாவது இடமும் பரிசு மேடையும், தோற்பவருக்கு நாலாவது. டியாகோ மான்டீரோ முன்னால் வந்தார், ஃபெராரியின் ஷூமாக்கரோடும் பாரிக்கெல்லோவோடும் மேடை ஏறி, யார் என்ன நினைத்தாலும் எனக்கென்ன என்று கொண்டாடினார். நரேன் கீழே. ரேஸில் முதல் எதிரி சக டிரைவர்தான். ஏனென்றால் ஒரே காரில் இருப்பது அவன் ஒருவன்தான், உன்னை அளக்க வேறு அளவுகோல் கிடையாது. ஒரே பிட்டில் நிற்பார்கள், ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள், ஒருவரின் பிரேக் அழுத்தத்தை இன்னொருவர் கம்ப்யூட்டரில் கோடு கோடாகப் பார்ப்பார்கள். மாமியார் வீட்டில் இரண்டு மருமகள்கள் மாதிரி.

அப்புறம் பணம். நரேன் 2005-ல் ஜோர்டானுக்குப் போனபோது டாட்டா ஸ்பான்சராகக் கூடவே வந்தது. அதைச் சொல்லி 'காசு கொடுத்து சீட் வாங்கினவர்' என்று பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. கடைசி வரிசை அணிகளில் சீட் என்பது பெரும்பாலும் வாடகை வீடுதான். 2010-ல் கருண் பத்து பந்தயம் ஓட்டினார். உருப்படாத அந்தக் காரை ஆஸ்திரேலியாவிலும் மொனாக்கோவிலும் 14-ஆவது இடத்துக்குக் கொண்டுவந்தார். ஜெர்மனிப் பந்தயத்தில் அவர் சீட்டில் சகோன் யமமோட்டோ. அடுத்த வருஷம் பாதியில் நரேனின் சீட்டில் ரெட் புல் அணி வளர்த்த ரிக்கார்டோ. நன்றாக ஓட்டினாயா இல்லையா என்பது அந்தப் பேச்சுவார்த்தையில் எத்தனையாவது வரியில் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் அளவில் எனக்கும் இது நடந்தது. திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்று ஸ்பான்சர் செய்தது. காரின் மூக்கில் அவர்கள் பெயரை ஒட்டிக்கொண்டு மூன்று பந்தயம் ஓடினேன். செக் பவுன்ஸ் ஆனது. கேட்கப் போனால் நல்ல காபி கொடுத்தார்கள், "அடுத்த வாரம் பாக்கலாம் தம்பி" என்றார்கள். ஒரு செட் டயரின் விலை எங்கள் வீட்டு மூன்று மாத மளிகை. அப்பா ஒரு நாள் ராத்திரி, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடியே, "இன்னும் எத்தனை செட் வேணும்?" என்று மட்டும் கேட்டார். அந்த சீசனோடு நிறுத்திக்கொண்டேன். ஸ்டிக்கரை மண்ணெண்ணெய் போட்டுச் சுரண்டியது ஞாபகம் இருக்கிறது. பனியன் கம்பெனியின் பெயர் போக இரண்டு மணி நேரம் ஆனது.

இப்போதெல்லாம் அஜித் புண்ணியத்தில் ரேஸ் பற்றி ஊரில் பேச்சு இருக்கிறது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது, எனக்கே நாலு பேர் போன் செய்து வாழ்த்துச் சொன்னார்கள். எதற்கு என்னை வாழ்த்தினார்கள் என்று தெரியவில்லை, வாங்கிக்கொண்டேன்.

நான் பார்த்ததிலேயே பெரிய கடைசி வரிசைப் பந்தயம் 2012 நவம்பர் 25, பிரேசிலின் இன்டர்லாகோஸ். உலகத்துக்கு அது வெட்டல் - அலோன்சோ பந்தயம். முதல் சுற்றிலேயே வெட்டல் சுழன்று, கடைசிக்குப் போய், அடிபட்ட காரோடு ஆறாவதாக வந்து, மூன்றே புள்ளி வித்தியாசத்தில் பட்டத்தைப் பிடித்தார். கேமரா முழுக்க அங்கே. நான் பட்டியலின் அடிப்பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அணிகளுக்கான பரிசுப் பணத்தில் முதல் பத்து அணிகளுக்குத்தான் பெரிய பங்கு. அந்த வருஷம் கேட்டர்ஹாம், மருஷியா, எச்ஆர்டி மூன்றுக்கும் புள்ளி பூஜ்யம். பூஜ்யத்துக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே யார் பெரியவர் என்று எப்படி முடிவு செய்வது? யாருடைய சிறந்த இடம் மேலே இருக்கிறதோ அவர். மருஷியா ஏற்கெனவே ஒரு 12-ஆவது இடம் வைத்திருந்தது. கேட்டர்ஹாமுக்கு 11-ஆவது வேண்டும். கடைசிச் சில சுற்றுகளில், தூறலில், கேட்டர்ஹாமின் பெட்ரோவ் மருஷியாவின் ஷார்ல் பிக்கைத் தாண்டி 11-ஆவதாக வந்தார். அந்த ஒரு முந்தலில் பல கோடி ரூபாய் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. பத்தாவது இடத்தை இழந்த அணியின் மெக்கானிக்குகளுக்கு வீட்டுக் கடன் இருந்திருக்கும், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் இருந்திருக்கும். டிவியில் வெட்டல் அழுதுகொண்டிருந்தார்.

பட்டியலின் கடைசியில், 17-ஆவது பெட்ரோ டி லா ரோஸா, 18-ஆவது நரேன். எச்ஆர்டி ஓடிய கடைசிப் பந்தயம் அது. அதோடு அணி மூடப்பட்டது. நரேனுக்கும் அதுதான் கடைசி ஃபார்முலா ஒன் பந்தயம். அதை யாரும் சொல்லவில்லை, அன்றைக்கு யாருக்கும் தெரியவும் தெரியாது. அவர் ஜப்பானுக்குப் போனார். 2019 நவம்பரில் ஃபூஜி டிராக்கில், ஜப்பானின் சூப்பர் ஜிடி கார்களும் ஜெர்மனியின் டிடிஎம் கார்களும் சேர்ந்து ஓடிய பந்தயத்தில், ஹோண்டா காரில், 42 வயதில் ஜெயித்தார். நம் பேப்பர்களில் அது உள்பக்கத்து ஓரச் செய்தி.

பயம் இருக்குமா என்று கேட்பார்கள். முன்னால் ஓடுகிறவனுக்கு இருக்கும் பயம் வேறு, பின்னால் ஓடுகிறவனுக்கு இருக்கும் பயம் வேறு. 2010 மொனாக்கோவில், ரஸ்காஸ் வளைவில், ட்ரூலியின் கார் கருணின் கார் மேல் ஏறி உட்கார்ந்தது. சக்கரம் அவர் ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில். 2012 அபுதாபியில் நரேனின் கார் கோளாறாகித் திடீரென்று வேகம் குறைய, பின்னால் வந்த ராஸ்பெர்க் அதன் மேல் ஏறிப் பறந்தார். இரண்டு தடவையும் எல்லாரும் நடந்தே போனார்கள். ஜூல்ஸ் பியாங்கி அப்படிப் போகவில்லை. 2014 மொனாக்கோவில் மருஷியாவை ஒன்பதாவது இடத்துக்கு ஓட்டி, அந்த அணிக்கு அதன் முதல் புள்ளிகளை, மொத்தம் இரண்டு, வாங்கிக் கொடுத்தவர். அக்டோபரில் சுஸூகாவின் மழையில், ஓரத்தில் இன்னொரு காரைத் தூக்கிக்கொண்டிருந்த டிராக்டரில் மோதினார். அடுத்த ஜூலையில் இறந்துபோனார், 25 வயது. அவர் வாங்கிய அந்த இரண்டு புள்ளியால்தான் மருஷியா அந்த வருஷம் ஒன்பதாவது அணி ஆனது. டிரைவரின் தலைக்கு மேல் இப்போது தெரிகிற ஹேலோ வளையம் 2018-ல் வந்தது.

2024 ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் தேதி, சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரிப் பந்தயம் நடந்தது. ஃபார்முலா 4. மூன்றரை கிலோமீட்டர் தெரு டிராக். நானும் போயிருந்தேன். என்னிடம் வேலை பார்த்த அந்தப் பையன் இப்போது திருப்பூரில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான், அவனும் வந்தான், மகனையும் கூட்டிக்கொண்டு வந்தான். வேலிக்கு இந்தப் பக்கம் நிற்க இடமில்லை. நான் பஸ்ஸில் போன ரோட்டில், ஃபிளட் லைட் வெளிச்சத்தில், ரேஸ் கார்.

முதல் கார் தாண்டியதும் மொத்தக் கூட்டமும் போனை உயர்த்தியது. நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன். பழக்கம். ஒன்று, இரண்டு, மூன்று. கார்கள் போய்க்கொண்டே இருந்தன. பிறகு ஒரு இடைவெளி. கூட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் பேச ஆரம்பித்தது.

"அவ்வளவுதானுங்களா தாத்தா?" என்றான் சின்னவன்.

"இரு. இன்னொண்ணு வருது."